‘போர்ட்’ வரும் இடமெல்லாம் சுமைதானா?

வாசகர் கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் ஆயத்தமாகி வருகிறேன். பயிற்சி மையத்தில் ‘ரூட் வேர்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். போர்ட் என்றால் சுமத்தல், பெடல் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து கால், மேனுவல் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து கை என்று அதில் இருக்கிறது. டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் ஆகியவற்றுக்கு அது பொருந்துகிறது. ஆனால் போர்ஷன், போர்ட்ரெய்ட், பாஸ்போர்ட் ஆகியவற்றில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று விளங்கவில்லை. மாதிரித் தேர்வு ஒன்றில் பீடியாட்ரிஷியன் என்பதற்குக் கால் மருத்துவர் என்று குறித்து மதிப்பெண்ணை இழந்தேன். இந்தப் பட்டியலை நம்பலாமா, ஒதுக்கிவிடலாமா? எழுத்து ஒன்றாக இருக்கும்போது பொருளும் ஒன்றுதானா என்று கண்டுகொள்ள வழி உண்டா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம். பட்டியலை ஒதுக்க வேண்டாம். அதை எந்த வேலைக்கு எடுப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒரு சொல்லுக்குப் பொருளை ஊகித்துக் குறிப்பதற்கு அது நம்பத்தக்க கருவி அன்று. ஏற்கெனவே பொருள் தெரிந்துகொண்ட பத்துச் சொற்களை உறவு பிடித்து மறக்காமல் வைத்துக்கொள்வதற்கோ அதைப் போல உதவுவது வேறில்லை. பயிற்சி மையங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதால்தான், போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களிடம் உங்கள் கேள்வி அடிக்கடி வருகிறது.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழில் ‘கல்’ என்ற இரண்டு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டிலும் கல்தூணிலும் இருப்பது பாறைக்கல். கல்வியிலும் கல்லூரியிலும் இருப்பது கற்றல் என்னும் வினையின் பகுதி. கல்யாணத்தில் இருப்பது இவ்விரண்டும் அன்று. அது வடமொழியிலிருந்து அப்படியே வந்த சொல். தமிழ் பேசி வளர்ந்த எவரும் கல்லூரி என்று கேட்டுப் பாறையை நினைப்பதில்லை. ஆனால் தமிழைப் புதிதாகக் கற்கும் ஒரு வெளிநாட்டவர் கையில் ‘கல் என்றால் பாறை, ஊர் என்றால் கிராமம்’ என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டால், கல்லூரி என்பது பாறைகள் நிறைந்த கிராமம் என்று அவர் முழு நம்பிக்கையோடு எழுதுவார். ஆங்கிலத்தில் நீங்கள் இப்போது நிற்பது அவருடைய இடத்தில்தான்.

ஆங்கிலத்தில் இத்தகைய மோதல் கூடுதலாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதன் அடித்தளம் ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. அதன் பின்னர் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகச் சொற்களை எடுத்தார்கள். கப்பலேறிப் போன வணிகர்கள் உலகத்துத் துறைமுகங்களிலிருந்து, நம்முடைய கரைகள் உட்பட, தம் பங்குக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை திசைகளிலிருந்து வந்தவற்றையும் இருபத்தாறு எழுத்துக்குள் அடக்கும்போது, உறவே இல்லாத சொற்கள் ஒரே முகத்தோடு நிற்பது தவிர்க்க முடியாதது.

நீங்கள் கேட்ட போர்ட் என்ற எழுத்துத் தொடரையே முதலில் விரிவாகப் பார்ப்போம். இந்தப் பதிலில் போர்ட் என்று நான் எழுதுவது துறைமுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளை. வகுப்பறையில் மாட்டியிருக்கும் போர்டு அன்று. லத்தீனில் போர்ட்டாரே என்றால் சுமந்து செல்லுதல், போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். லத்தீனில் ஈறு வேறுபட்டதால் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆங்கிலம் ஈறுகளைக் கழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டதால் மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. மிகத் தொன்மையான காலத்தில், கடந்து செல்லுதல் என்ற பொருள் கொண்ட ஒரே வேரிலிருந்து இம்மூன்றும் கிளைத்தவை என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தத் தூரத்து உறவு தேர்வு எழுதுபவருக்கு எவ்வகையிலும் பயன்படாது.

சுமத்தல் குடும்பம்தான் பெரியது. டிரான்ஸ்போர்ட் என்பது ஓரிடத்திலிருந்து அப்பால் சுமந்து செல்லுதல். எக்ஸ்போர்ட் வெளியே, இம்போர்ட் உள்ளே. டிபோர்ட் என்பது ஒருவரை நாட்டைவிட்டு அகற்றுதல். போர்ட்டபிள் என்பது சுமந்து செல்லக்கூடியது. ரிப்போர்ட் என்பது போய்ப் பார்த்துவிட்டுச் செய்தியைத் திரும்பக் கொண்டுவருதல், சப்போர்ட் என்பது கீழேயிருந்து தாங்குதல். இம்பார்ட்டன்ட் என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே: விளைவைத் தன்னோடு உள்ளே கொண்டுவருவது எதுவோ அது முக்கியமானது என்று பொருள் நகர்ந்தது. இம்போர்ட் என்ற பெயர்ச்சொல்லுக்கு இறக்குமதி என்பதோடு ஒரு கூற்றின் முக்கியத்துவம் அல்லது உட்கருத்து என்ற பொருளும் இருப்பதை வாசிப்புப் பத்திகளில் நீங்கள் சந்திக்கக்கூடும்; அங்கே சரக்கைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வாயில் குடும்பம் சிறியது. போர்ட்டல், போர்ட்டிகோ இரண்டும் அதில் அடங்கும். நம் ஊர்களில் வீட்டு முகப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பெயராகிவிட்ட போர்ட்டிகோ, ரோமானியக் கட்டடங்களின் தூண் வரிசை கொண்ட முகமண்டபத்திலிருந்து வந்தது. இதில் வேடிக்கையானது போர்ட்டர் என்ற சொல். ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர் போர்ட்டர். இங்கிலாந்தின் பழைய கல்லூரிகளில் வாயிற்காவலராக இருப்பவரும் போர்ட்டர்தான். எழுத்து, ஒலி, இரண்டும் மனிதரைக் குறிப்பது என எல்லாம் ஒன்றாக இருந்தும், முதலாமவர் போர்ட்டாரேவிலிருந்தும் இரண்டாமவர் போர்ட்டாவிலிருந்தும் வந்தவர்கள்.

துறைமுகக் குடும்பத்துக்கு உங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுகீசியர் வைத்த போர்ட்டோ நோவோ என்ற பெயருக்குப் புதிய துறைமுகம் என்று பொருள். 1781-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் அங்கே நடந்த போர் வரலாற்று நூல்களில் அந்தப் பெயராலேயே குறிக்கப்படுகிறது. போர்ச்சுகல் என்ற நாட்டின் பெயரின் முற்பகுதியும் இந்தத் துறைமுகம்தான். பாஸ்போர்ட் என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. கடத்தல் என்னும் வினையும் துறைமுகமும் சேர்ந்து, துறைமுகத்தைக் கடந்து செல்ல அனுமதிக்கும் தாள் என்றாயிற்று. ஆப்பர்ச்சூனிட்டி என்பதும் இங்கேதான் சேர்கிறது. துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றை லத்தீனில் அவ்வாறு சொன்னார்கள். கப்பலோட்டிக்கு அதுதான் வாய்ப்பு. நம்மவர்கள் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள். இருவருக்கும் காற்றுத்தான் வாய்ப்பு. அங்கே பாய்மரம், இங்கே களத்துமேடு.

இம்மூன்றிலும் சேராதவை போர்ஷனும் போர்ட்ரெய்ட்டும். போர்ஷன் பங்கு என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புரபோர்ஷன் அதன் நெருங்கிய உறவு. வாடகைக்கு விடும் மாடிப் போர்ஷனும் தேர்வுக்கு முடிக்க வேண்டிய போர்ஷனும் பங்குதான், சுமையன்று (இரண்டாவதைப் பற்றி மாணவர்கள் வேறுவிதமாகச் சொல்லலாம்). போர்ட்ரெய்ட்டில் போர்ட் என்பதே இல்லை. முன்னே என்று பொருள்படும் முன்னொட்டும் இழுத்தல் என்னும் வினையும் சேர்ந்தது அது. கோட்டை இழுத்து வரைதல் என்பதைத்தான் அந்தச் சொல் குறித்தது. முன்னொட்டு முதல் மூன்று எழுத்தோடு முடிந்துவிடுகிறது. நான்காவது எழுத்து அடுத்த பகுதியைச் சேர்ந்தது. இரண்டு பகுதிகளின் விளிம்புகள் ஒட்டியதால் போர்ட் என்ற தோற்றம் தற்செயலாக உண்டாயிற்று, அவ்வளவே.

கண்டுகொள்ள வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். முற்றிலும் தவறாத வழி இல்லை. ஆனால் பெரும்பாலான பிழைகளைத் தடுக்கும் சோதனைகள் உண்டு. முதலாவது, பொதுவான எழுத்துகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுவது என்ன என்று பார்ப்பது. டிரான்ஸ்போர்ட்டில் மிஞ்சும் டிரான்ஸ், எக்ஸ்போர்ட்டில் மிஞ்சும் எக்ஸ், போர்ட்டபிளில் மிஞ்சும் ஏபிள் ஆகியவை வேறு பல சொற்களிலும் அதே பொருளோடு வருகின்றன. போர்ட்ரெய்ட்டில் மிஞ்சுவதோ ரெய்ட் என்று தனியே எங்கும் நிற்காத ஒரு துண்டு. மிஞ்சுவது அறிமுகமான ஒட்டாக இல்லையென்றால் வெட்டிய இடம் தவறு என்று முதலில் ஐயப்படுங்கள்.

இந்தச் சோதனையில் போர்ஷன் தப்பித்துவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே மிஞ்சும் ஈறு நாம் நன்கறிந்த பெயர்ச்சொல் ஈறுதான். அதற்குத்தான் இரண்டாவது சோதனை: அந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் எப்படிப் பெயர்ச்சொல் ஆகிறார்கள் என்று பாருங்கள். டிரான்ஸ்போர்ட்டேஷன், டிபோர்ட்டேஷன், எக்ஸ்போர்ட்டேஷன் என்று எல்லோரும் ஏஷன் என்றே முடிகிறார்கள். போர்ட்டாரே போன்ற லத்தீன் வினைகள் பெயராகும்போது அந்த ஏகாரம் கட்டாயம் உடன் வரும். ஆகவே சுமத்தல் குடும்பத்தில் போர்ஷன் என்ற வடிவம் பிறக்க வழியில்லை. இன்ஸ்பெக்ட் இன்ஸ்பெக்ஷன் ஆவது வேறு வகை வினை. ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்காமல் அதன் சொந்தக்காரர்களோடு நிறுத்திப் பார்க்கும் இந்தப் பழக்கம், பட்டியலில் உள்ள எல்லா வேர்களையும்விட உங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ஸ்போர்ட் என்பதில் முன்னால் மிஞ்சுவது ஓர் எழுத்து மட்டுமே. முதல் சோதனைப்படி அது குடும்பத்தில் சேராது. உண்மையில் அது சுமத்தல் குடும்பத்தைச் சேர்ந்ததே. டிஸ்போர்ட் என்ற பழைய சொல்லின் தலை தேய்ந்து ஸ்போர்ட் ஆயிற்று. வேலையிலிருந்து மனத்தை வேறெங்கோ கொண்டு செல்வது விளையாட்டு. இதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள். சோதனைகளுக்கும் எல்லை உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இனி உங்கள் மதிப்பெண்ணைப் பறித்த பீடியாட்ரிஷியனுக்கு வருவோம். இங்கே மோதுவது லத்தீனும் கிரேக்கமும். லத்தீனில் கால் என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெடல், நடந்து செல்பவரைக் குறிக்கும் பெடஸ்ட்ரியன், இருகாலியைக் குறிக்கும் பைபெட், பூரானைக் குறிக்கும் சென்டிபீட் ஆகியவை வந்தன. தடை செய்தலைக் குறிக்கும் இம்பீட் என்பது காலில் தளையிடுதல். விரைவுபடுத்தலைக் குறிக்கும் எக்ஸ்பெடைட் என்பது தளையிலிருந்து காலை விடுவித்தல். பொருள் எதிரெதிரான இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் மறக்காது. கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் சொல் முற்றிலும் வேறு. அதிலிருந்து வந்தவை பீடியாட்ரிக்ஸ், கற்பித்தல் முறையைக் குறிக்கும் பெடகாகி, என்சைக்ளோபீடியா ஆகியவை. பிரிட்டிஷ் எழுத்துமுறை குழந்தைக் குடும்பத்தில் ஏ, ஈ என்ற இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதி வேறுபாட்டை ஓரளவு காத்தது. அமெரிக்க எழுத்துமுறை முதல் எழுத்தை நீக்கிவிட்டதால் இரு குடும்பங்களும் ஒன்றாகத் தோன்றுகின்றன.

இங்கே ஓர் எளிய வழி உண்டு. கிரேக்க மொழியில் காலுக்கான சொல் வேறு எழுத்துகளில் வரும்: டிரைபாட், போடியம், ஆக்டோபஸ் ஆகியவற்றின் பாட், போட், பஸ் என்ற பகுதிகள் அதன் வடிவங்கள்தான். எனவே சொல்லின் மற்ற பாதி கிரேக்கமாக இருந்தால், பெடலின் அந்த மூன்று எழுத்தைக் குழந்தை என்றே கொள்ளுங்கள். பீடியாட்ரிஷியனில் உள்ள மருத்துவர் என்னும் பகுதி கிரேக்கம். சைக்யாட்ரிஸ்ட்டிலும் அதுவே இருக்கிறது. அதே பகுதியோடு கிரேக்கக் கால் சேர்ந்தால் பொடயாட்ரிஸ்ட். நீங்கள் குறித்த கால் மருத்துவர் அவர்தான். பாதி லத்தீன், பாதி கிரேக்கமாக அமைந்த கலப்புச் சொற்களும் உண்டு. டெலிவிஷன் அப்படிப்பட்டது, நடையை அளக்கும் பெடோமீட்டரும் அப்படியே. ஆனால் அவை குறைவு.

ஊருக்கு ஊர் பலகையில் காணும் ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லை இந்த வழியில் நீங்களே பிரித்துப் பாருங்கள். ஆர்த்தோ என்பது நேரான, சரியான என்று பொருள்படும் கிரேக்கம். ஆகவே மறுபாதி குழந்தை. எலும்பு மருத்துவத்தில் குழந்தை எங்கே வந்தது என்று வியப்பீர்கள். பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741-இல் இந்தச் சொல்லை உருவாக்கியபோது, குழந்தைகளின் உடல் வளைவுகளை நேராக்கும் கலை என்ற பொருளில்தான் உருவாக்கினார். பின்னர் அந்தத் துறை எல்லா வயதினரின் எலும்புக்கும் மூட்டுக்கும் விரிந்தது. பெயரில் மட்டும் குழந்தை தங்கிவிட்டது. கால் எலும்பு முறிந்து அங்கே போகிறவர்கள் அது காலைக் குறிக்கும் சொல் என்று நினைத்துக்கொள்வது இயல்பே.

இதே மூன்று எழுத்து டார்பிடோ என்ற சொல்லின் நடுவிலும் இருக்கிறது. அங்கே காலும் இல்லை, குழந்தையும் இல்லை. உடல் மரத்துப்போதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து, தொட்டவரை மின்னதிர்ச்சியால் மரக்கச் செய்யும் திருக்கை மீனுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு அது நீருக்கடியில் பாயும் ஆயுதத்துக்கும் ஆயிற்று. சொல்லின் நடுவில் தென்படும் எழுத்துத் தொடரை, தொடக்கத்தில் தென்படுவதைவிட இருமடங்கு ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஆடிட்டர், ஆடியன்ஸ் இரண்டிலும் கேட்டல் என்னும் வேர் இருக்கிறது. கணக்கை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்டுச் சரிபார்த்ததால்தான் ஆடிட் என்ற பெயரே வந்தது. மோசடியைக் குறிக்கும் ஃப்ராடின் உள்ளேயும் ஆடிட்டின் முதல் மூன்று எழுத்து இருக்கிறது. கேட்டலுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

கை என்ற வேரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேனுவல், கையால் எழுதியதைக் குறிக்கும் மேனுஸ்கிரிப்ட், மேனுஃபேக்சர், மேனிக்யூர் ஆகியவை ஐயமின்றிக் கைகள். மேனுஃபேக்சர் என்பது கையால் செய்தலைக் குறித்துத் தொடங்கி, இன்று கையே படாமல் ஆலையில் செய்வதைக் குறிக்கிறது. வேர் சொல்வது பழைய பொருளை, தேர்வு கேட்பது இன்றைய பொருளை. மேனேஜ் என்பது இத்தாலிய மொழியில் குதிரையைக் கையால் பழக்குவதிலிருந்து வந்தது. வயலுக்கு இடும் எருவைக் குறிக்கும் மெனூர் என்பதும் கைவேலையிலிருந்தே வந்தது. ஆனால் உமன் என்பதில் உள்ள மேன், மனிதர் என்று பொருள்பட்ட ஜெர்மானியச் சொல்; ஹியூமன் என்பது லத்தீனில் முழுமையாக வேறொரு சொல். இரண்டிலும் கை இல்லை, இரண்டுக்கும் தமக்குள் உறவும் இல்லை. மேங்கோவில் இருப்பதோ நம்முடைய மாங்காய். மலையாளத்திலும் தமிழிலும் வழங்கிய சொல் போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. கேட்டலாக், கேட்டகரி, கேட்டஸ்ட்ரோஃபி ஆகியவற்றின் தொடக்கத்தில் உள்ள கிரேக்க முன்னொட்டைக் காட்டிவிட்டு, கேட்டமரானையும் அதே வரிசையில் எழுதியிருந்த ஒரு கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். அது கட்டுமரம் என்பதைத் தமிழ் மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கையேட்டைத் தொகுத்தவருக்குச் சொல்ல வேண்டும்.

தேர்வில் உண்மையாகவே மதிப்பெண்ணைப் பாதிக்கும் இன்னொன்று, இன் என்ற முன்னொட்டு. இன்ஆக்டிவ், இன்கரெக்ட், இன்விசிபிள் ஆகியவற்றில் அது எதிர்மறை. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் இன்ஃப்ளேமபிள் என்பதில் அது எதிர்மறை அன்று. தீ மூட்டுதல் என்னும் லத்தீன் வினையின் உள்ளே அடங்கிய முன்னொட்டு அது. எனவே ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற ஒரே பொருள்தான். எதிர்ச்சொல் கேட்டால் நான்ஃப்ளேமபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த முன்னொட்டைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான், எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்ற குறுகிய வடிவத்தைப் பல நாடுகளில் விரும்பிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்ஹேபிடபிள் என்பதும் அத்தகையதே: வாழத்தக்கது என்று பொருள், வாழத்தகாதது என்பதற்கு அன்இன்ஹேபிடபிள் என்று சொல்ல வேண்டும். இன்வேல்யுவபிள் என்பதில் எதிர்மறை உண்டு, ஆனால் அது மதிப்பில்லாதது என்று பொருள்படாது. மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று பொருள்படும். இந்த மூன்றையும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

எந்த எழுத்துத் தொடர்களை ஓரளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீளமானவையும், சொல்லின் இறுதியில் நிற்பவையும், அறிவுத்துறைச் சொற்களில் மட்டும் வருபவையும் நம்பத்தக்கவை: அச்சத்தைக் குறிக்கும் ஃபோபியா, ஆட்சியைக் குறிக்கும் கிரசி, ஒரு துறையின் அறிவைக் குறிக்கும் லஜி, பிறகு சைட் போன்றவை. ‘ஒரு சொல்லில் கூறுக’ என்ற வகை வினாக்களில் பெரும்பகுதி இவற்றை வைத்துத்தான் அமைகிறது; ஆகவே உங்கள் பட்டியலில் இந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். ஹோமிசைட், சூசைட், இன்செக்டிசைட் ஆகியவற்றில் வரும் சைட் கொல்லுதலைக் குறிக்கும். சட்ட அறிஞர் ராஃபேல் லெம்கின் 1944-இல் இனப்படுகொலையைக் குறிக்க ஜெனோசைட் என்ற சொல்லை உருவாக்கியபோது, இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இதே லத்தீன் ஈற்றைத்தான் இணைத்தார். அந்த லத்தீன் வினைக்கு வெட்டுதல் என்பதும் பொருள்; எனவே டிசைட் என்பது தயக்கத்தை வெட்டி முடிவு செய்தல் என்று அதே குடும்பத்தில் சேரும். கோஇன்சைட் மட்டும் சேராது. அது விழுதல் என்னும் வேறொரு வினையிலிருந்து வந்தது. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் வந்து விழுதல் அது. ஆக்சிடென்ட்டும் இன்சிடென்ட்டும் அதன் உறவினர்கள்.

ஒலியும் சில இடங்களில் கைகொடுக்கும். கன்டெய்ன், ரிடெய்ன், மெய்ன்டெய்ன் ஆகியவற்றின் இறுதியில் பிடித்திருத்தல் என்னும் வேர் இருக்கிறது. அந்த அசையை அழுத்தி டெய்ன் என்று உச்சரிக்கிறோம். கேப்டன், மவுன்டன், கர்டன் ஆகியவற்றின் இறுதி எழுத்துகளும் அவையே, ஆனால் டன் என்று தேய்ந்து ஒலிக்கின்றன. அவற்றில் பிடித்தல் இல்லை. அடெய்ன் என்பது மட்டும் அழுத்தத்தோடு ஒலித்தாலும் தொடுதல் என்னும் வேறு வேரிலிருந்து வந்தது; அந்த ஒன்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வேறாக இருந்தும் வேர் ஒன்றாக இருக்கும் சொற்களைப் பயிற்சி மையப் பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தோன்றுகிறது. பார்த்தல் என்னும் வேர் இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட் ஆகியவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது. எக்ஸ்பெக்ட் என்பதும் அதே வேர்தான். வெளியே பார்த்துக் காத்திருத்தல் என்பது அதன் தொடக்கப் பொருள். முன்னொட்டின் கடைசி எழுத்துக்குள் எஸ் ஒலி ஏற்கெனவே இருப்பதால், அடுத்து வந்த எஸ் எழுத்து விழுங்கப்பட்டுவிட்டது. எக்ஸிஸ்ட் என்பதிலும் அப்படித்தான். எழுத்தை மட்டும் தேடுபவர் எக்ஸ்பெக்ட்டை இந்தக் குடும்பத்தில் ஒருபோதும் சேர்க்கமாட்டார். மசாலாப் பொருளைக் குறிக்கும் ஸ்பைஸ் என்பதும், உயிரினத்தைக் குறிக்கும் ஸ்பீஷீஸ் என்பதும் ஒரே லத்தீன் சொல்லின் இரு வடிவங்கள். அதுவும் இதே பார்த்தல் வேரிலிருந்து, தோற்றம், வகை என்ற பொருளில் வந்தது.

எழுத்தின் தோற்றத்தால் ஏமாறுவது உங்களைப் போன்ற மாணவர்களுக்கு மட்டும் நேர்வதன்று என்பதற்கு ஐலண்ட் என்ற சொல்லே சான்று. அது பழைய ஆங்கிலச் சொல். அதில் எஸ் எழுத்து இருந்ததே இல்லை. தீவைக் குறிக்கும் ஐல் என்ற இன்னொரு சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் மூலத்தில் எஸ் உண்டு. பொருளும் ஒலியும் நெருங்கியிருந்ததால், இரண்டும் ஒரே குடும்பம் என்று பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் படித்தவர்கள் எண்ணி, ஐலண்டுக்கும் ஓர் எஸ் எழுத்தை நுழைத்துவிட்டார்கள். இன்றுவரை எவரும் உச்சரிக்காத அந்த எழுத்தைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பெனின்சுலா என்பது உண்மையான லத்தீன் சொல்: ஏறக்குறைய தீவு என்று பொருள். அதன் தொடக்கத்தில் உள்ள மூன்று எழுத்துக்கும் நாம் எழுதும் பேனாவுக்கும் தொடர்பில்லை. பென் இறகிலிருந்து வந்தது. பென்சில் அதனோடும் சேராது, அது சிறு வால் என்று பொருள்பட்ட தூரிகையின் பெயர். பெனிசிலின் தரும் பூஞ்சைக்கும், நுண்ணோக்கியில் அது தூரிகை போலத் தெரிவதால், அந்தத் தூரிகையின் பெயரே வந்தது.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டில் ஒவ்வொரு வேருக்கும் எதிரெதிர் இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் உண்மையான குடும்பத்தை எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதே எழுத்துகள் இருந்தும் குடும்பத்தில் சேராதவற்றை எழுதுங்கள். பயிற்சி மையப் பட்டியல் தருவது இடப்பக்கத்தை மட்டுமே. தேர்வில் தவறு நேர்வது பெரும்பாலும் வலப்பக்கச் சொற்களில் என்பதை மாதிரித் தேர்வுகளின் விடைத்தாளை எடுத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். எந்தச் சொல்லையும் அகராதியில் பார்க்காமல் எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். ஆங்கிலம்–தமிழ்க் கையகராதிகளில் சொல்லின் பிறப்பு இருக்காது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் இணையப் பதிப்பில் ஒவ்வொரு சொல்லின் கீழும் அது வந்த வழி தரப்பட்டிருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் உண்டு. உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வேர் சொல்லும் பழைய பொருளுக்கும் இன்றைய வழக்குக்கும் இடையே உள்ள தூரம் வாக்கியத்தில்தான் தெரியும்.

தேர்வறையில் முன்பின் அறியாத சொல் வந்தால், வேரிலிருந்து தொடங்க வேண்டாம். வாசிப்புப் பத்தியாகவோ கோடிட்ட இடமாகவோ இருந்தால், சுற்றியுள்ள வாக்கியம் அந்த இடத்தில் எந்தப் பொருளை எதிர்பார்க்கிறது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, நான்கு விடைகளில் பொருந்தாதவற்றை நீக்குங்கள். இரண்டு விடைகள் மிஞ்சி எதுவென்று தெரியாத நிலையில் மட்டும் வேரைத் துணைக்கு அழையுங்கள். வாக்கியமே இல்லாமல் தனிச்சொல்லாக வந்து, வேர் ஒன்றைத் தவிர வேறு எந்தப் பிடியும் இல்லையென்றால், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வுகளில் அந்த வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.